கமலாபுரம் விமானத்தளம்: நிலம் யாருடையது? பணம் யாருடையது? பயணம் யாருடையது?

ஓமலூருக்குப் பக்கத்திலுள்ள கமலாபுரத்தில் புதிதாக ஒரு விமானம் வந்து இறங்கினால் போதும், பெரிய எழுத்தில் செய்தி வருகிறது. மந்திரிகள் ரிப்பன் வெட்டுகிறார்கள். வர்த்தகச் சங்கத்தார் சால்வை போடுகிறார்கள். "சேலம் முன்னேறிவிட்டது" என்று மேடையில் முழங்குகிறார்கள். அந்த விமானம் ஓரிரு வருஷத்தில் நின்றுபோனால் மேடை போட யாரும் வருவதில்லை. ஏன் நின்றது, இதுவரை செலவான பணம் என்னவாயிற்று என்று மக்களுக்குக் கணக்குச் சொல்லவும் ஆளில்லை. சில வருஷம் கழித்து இன்னொரு கம்பெனி வருகிறது. மறுபடியும் ரிப்பன், மறுபடியும் சால்வை, மறுபடியும் முன்னேற்றம்!

"இது நமக்கு எதற்கு?" என்று குமாரபாளையத்து விசைத்தறித் தொழிலாளி கேட்கலாம். நம் ஊரிலிருந்து சங்ககிரி, தாரமங்கலம், ஓமலூர் வழியாக அறுபது கிலோமீட்டர் அளவு போனால்தான் அந்த விமானத்தளம். ரயில் ஏறவே நாம் ஈரோட்டுக்கோ சங்ககிரிக்கோ போகிறவர்கள். பாவு ஓடினால் கூலி, ஓடாவிட்டால் பட்டினி என்று வாழ்கிறவனுக்கு விமானத்தைப் பற்றி என்ன பேச்சு?

பேச வேண்டியிருக்கிறது, தோழர்களே! விமானம் மேலே பறந்தாலும் அது ஓடி எழும்பும் பாதை பூமியில்தான் இருக்கிறது. அந்தப் பூமி குடியானவனுடைய காடு. அதில் களை பறித்தவள் விவசாயத் தொழிலாளிப் பெண். பாதை போட்ட பணம் பொதுப்பணம். அதில் நாம் வாங்கும் உப்பு, சோப்பு, பீடி, சேலைத் துணி எல்லாவற்றின் வரியும் அடங்கியிருக்கிறது. ஆகவே கேட்க நமக்கு உரிமை உண்டு. நிலம் யாருடையது? பணம் யாருடையது? பயணம் யாருடையது?

முப்பது வருஷக் கணக்கு

சேலம் விமான நிலையம் 1993-ல் திறக்கப்பட்டது. சேலத்துத் தொழிலதிபர்களும் வியாபாரிகளும் நெடுநாள் கேட்டுக்கொண்டிருந்த நிலையம் அது. சேலம் உருக்காலை வந்தபின் அந்தக் கோரிக்கை இன்னும் பலமடைந்தது. மத்திய சர்க்கார் நிறுவனமாகிய இந்திய விமான நிலையங்கள் ஆணையத்தின் பொறுப்பில் இன்று அது இருக்கிறது. ஓடுபாதையின் நீளம் ஏறத்தாழ 1,800 மீட்டர், அதாவது 6,000 அடி. காற்றாடி வைத்த சிறு விமானம், எழுபது எண்பது பேரை ஏற்றிச் செல்வது, தாராளமாக இறங்கலாம்.

நிலையம் திறந்த காலம் எப்படிப்பட்ட காலம்? 1953-ல் ஏர் கார்ப்பரேஷன் சட்டம் வந்து விமானக் கம்பெனிகள் நாட்டுடைமை ஆயின. தனியார் கம்பெனிகள் நஷ்டத்திலும் குளறுபடியிலும் கிடந்த தொழிலை நாடு எடுத்து நடத்தியது. நாற்பது வருஷம் கழித்து, 1994-ல் அந்தச் சட்டத்தையே ரத்து செய்தார்கள். "தனியார் வந்தால் போட்டி வரும், போட்டி வந்தால் சேவை வரும்" என்றார்கள். வந்தது என்ன? ஈஸ்ட் வெஸ்ட், தமானியா, மோதிலுஃப்ட், என்.ஈ.பி.சி. என்று வரிசையாகக் கம்பெனிகள் வந்தன. 1990-களின் முடிவுக்குள் அத்தனையும் மூடின, அல்லது ஒன்றை ஒன்று விழுங்கி மறைந்தன.

அவற்றில் சென்னையைச் சேர்ந்த என்.ஈ.பி.சி. கம்பெனிதான் கமலாபுரத்துக்கு முதலில் வந்தது. சிறிது காலம் பறந்தது. போதிய பிரயாணிகள் இல்லை என்று நிறுத்தியது. 1997-ல் அந்தக் கம்பெனியே படுத்துவிட்டது. பின்னர் வருஷக்கணக்காக ஓடுபாதை வெயில் காய்ந்தது.

2009 நவம்பரில் கிங்பிஷர் கம்பெனி வந்தது. சாராய வியாபாரத்தில் சம்பாதித்த விஜய் மல்லையாவின் கம்பெனி. ஆடம்பரமாக வந்தது, 2011-ல் சேலத்தைவிட்டுப் போய்விட்டது. 2012 அக்டோபரில் அதன் லைசென்ஸே முடக்கப்பட்டது. ஊழியர்கள் மாதக்கணக்கில் சம்பளமில்லாமல் தெருவில் நின்றார்கள். ஸ்டேட் பாங்க் தலைமையிலான பாங்குகளுக்கு வட்டியோடு சேர்த்து ஏறத்தாழ 9,000 கோடி ரூபாய் பாக்கி. முதலாளியோ 2016 மார்ச்சில் லண்டனுக்குப் பறந்துவிட்டார். தறிப்பட்டறையில் ஐம்பதாயிரம் அட்வான்ஸ் வாங்கிய தொழிலாளி, கடன் தீரும்வரை வேறு பட்டறைக்கு மாற முடியாமல் கட்டுண்டு கிடக்கிறான். 9,000 கோடி வாங்கியவருக்குக் கடல் கடந்து போக முடிந்தது! இந்த நாட்டில் கடனுக்கும் இரண்டு நீதி.

மறுபடியும் ஏழு வருஷம் ஓடுபாதை சும்மா கிடந்தது. 2018 மார்ச் 25-ந் தேதி ட்ரூஜெட் கம்பெனி சென்னைக்கு விமானம் விட்டது. அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி தொடங்கிவைத்தார். 2021-ல் அதுவும் நின்றது. அடுத்த வருஷம் கம்பெனியே பறப்பதை நிறுத்திவிட்டது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர், இண்டிகோ என்ற இரண்டு கம்பெனிகள் வந்து பெங்களூருக்கும் கொச்சிக்கும் சென்னைக்கும் ஹைதராபாத்துக்கும் சேவை ஆரம்பித்தன.

கூட்டிப் பாருங்கள். 1993 முதல் 2023 வரை முப்பது வருஷம். அதில் ஒழுங்காக விமானம் வந்துபோன காலத்தை எல்லாம் சேர்த்தால் ஆறு வருஷம்கூடத் தேறாது. மீதி இருபத்து நான்கு வருஷமும் வேலியைக் காத்தது யார்? புல்லை வெட்டியது யார்? காவலாளிக்குச் சம்பளம் கொடுத்தது யார்? என்.ஈ.பி.சி.யா, மல்லையாவா? பொதுத்துறை! அதாவது, மக்கள். கம்பெனிகள் வந்தன, போயின. நிலத்தையும் பாதையையும் காத்து நின்றது மக்கள் பணம்தான்.

செருப்புப் போட்டவன் பறந்தானா?

"ஹவாய் செருப்புப் போட்டவனும் ஹவாய் ஜகாஜில் பறக்க வேண்டும்" என்று சொல்லி, 2016-ல் மத்திய சர்க்கார் உடான் என்ற திட்டத்தை அறிவித்தது. 2017 ஏப்ரலில் சிம்லாவிலிருந்து டில்லிக்கு முதல் விமானம் பறந்தது. சேலத்துக்கு ட்ரூஜெட் வந்ததும் இந்தத் திட்டத்தின்படிதான்.

திட்டத்தின் சூட்சுமம் என்ன? விமானத்தில் பாதி இடங்களுக்கு, ஒரு மணிநேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று ஆரம்பத்தில் உச்சவரம்பு வைத்தார்கள். அந்தக் கட்டணத்தில் கம்பெனிக்குக் கட்டுப்படியாகாத தொகையை மானியமாக மூன்று வருஷம் கொடுப்பார்கள். பெரிய நகரங்களுக்கிடையே பறக்கும் விமானங்களின்மீது தீர்வை போட்டு ஒரு பகுதி வசூலிப்பார்கள். ஐந்தில் ஒரு பங்கு மானியத்தை மாநில சர்க்கார் போடவேண்டும். விமான எரிபொருளுக்கு மாநில வரியை நூற்றுக்கு ஒன்றாகக் குறைக்க வேண்டும். நிலையத்துக்கு நிலம் வேண்டுமென்றால் இலவசமாகக் கொடுக்கவேண்டும். போலீஸ் காவல், தீயணைப்பு எல்லாம் இலவசம். தண்ணீரும் மின்சாரமும் சலுகை விலையில்.

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்றானாம் ஒருவன். அந்தக் கதைதான் இது!

இவ்வளவும் கொடுத்தும் பலன் என்ன? நாம் சொல்லவில்லை; சர்க்காரின் கணக்கையே தணிக்கை செய்யும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2023-ல் சொன்னார். திட்டத்தின் முதல் மூன்று கட்டங்களில் கொடுக்கப்பட்ட 774 தடங்களில் 403 தடங்களில் விமானமே ஓடவில்லை. ஆரம்பித்த 371 தடங்களில் மூன்று வருஷச் சலுகைக் காலத்தை முழுதாக முடித்தவை 112. சலுகை முடிந்தபிறகும் 2023 மார்ச்சில் பறந்துகொண்டிருந்தவை வெறும் 54. நூற்றுக்கு ஏழு! மானியம் இருக்கும்வரை பறப்பு. மானியம் தீர்ந்தால் கூடு காலி. இதற்குப் பெயர் சாமர்த்தியமான தனியார் நிர்வாகமாம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்கள் கட்டணமின்றிப் போகிறார்கள். நூற்பாலைக்கும் தறிப்பட்டறைக்கும் களை வெட்டுக்கும் போகிற நம் தாய்மார்கள் அதில் ஏறினால், கனவான்கள் முகம் சுளித்து "இலவசம்! இலவசம்! நாடு கெட்டது!" என்கிறார்கள். அதே கனவான்கள் விமானக் கம்பெனியின் நஷ்டத்துக்குப் பொதுப்பணம் கொடுத்தால் அதற்கு "ஊக்கத்தொகை" என்று பெயர் வைக்கிறார்கள். ஏழை ஏறினால் இலவசம், கம்பெனி வாங்கினால் வளர்ச்சி! இந்த அகராதியை எழுதியவர் யார்?

தொழிலாளி விமானத்தில் போகக்கூடாது என்றா நாம் சொல்கிறோம்? ஒருபோதும் இல்லை. விமானத்தைச் செய்ததும் தொழிலாளி, ஓட்டுவதும் தொழிலாளி. அரபு நாட்டுக்கும் மலேயாவுக்கும் பிழைக்கப் போகும் நம் பிள்ளைகள் விமானத்தில்தான் போகிறார்கள். அறிவியலின் பலன் எல்லோருக்கும் சொந்தம். ஆனால் செருப்புப் போட்டவன் பெயரைச் சொல்லி, செருப்புப் போட்டவன் வரியை எடுத்து, கம்பெனியின் பையில் போடுவதைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

கம்பெனி வரும், போகும். நிலம் போனால் திரும்புமா?

விமானம் நின்று நின்று வந்ததே தவிர, நிலத்தின்மீது வைத்த கண் நிற்கவில்லை. 1,800 மீட்டர் பாதையில் சிறு விமானம் இறங்கலாம். பெரிய ஜெட் விமானம் பாரத்தோடு இறங்க நீண்ட பாதை வேண்டும். "பாதையை நீட்டு, நிலத்தை எடு" என்று கிளம்பினார்கள். 2018-ல் கமலாபுரம், பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி கிராமங்களில் ஏறத்தாழ 570 ஏக்கர் எடுப்பதாக அளவெடுக்க ஆரம்பித்தார்கள். யாருடைய நிலம்? பெரும்பாலும் சிறு குடியானவர்களுடையது. கிணறு வெட்டி, கடன்பட்டு, கடலையும் சோளமும் பருத்தியும் பூவும் விளைவித்த காடுகள்.

மக்கள் சும்மா இருக்கவில்லை. கல் நடவந்தவர்களைக் கேள்வி கேட்டார்கள். பெண்கள் முன்வரிசையில் நின்றார்கள். அதே சமயத்தில்தான் 277 கிலோமீட்டர் நீளத்துக்குச் சேலம் – சென்னை எட்டுவழிச் சாலை என்று இன்னொரு நிலப்பறிப்பும் வந்தது. இரண்டையும் எதிர்த்துப் பேசியதற்காக 2018 ஜூனில் நடிகர் மன்சூர் அலிகானையும் சூழல் ஊழியர் பியூஷ் மானுஷையும் போலீஸ் கைது செய்தது. பேச்சுக்கே விலங்கு! சாலைக்கான நிலமெடுப்பை 2019 ஏப்ரல் 8-ந் தேதி சென்னை ஹைகோர்ட்டு ரத்து செய்தது. 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்பைப் பெரும்பாலும் மாற்றி, புதிதாக நடவடிக்கை எடுக்க வழிவிட்டது. ஆகவே, கோர்ட்டுத் தீர்ப்பைத் தலையணையாக வைத்துத் தூங்கலாம் என்று யாரும் நினைக்கவேண்டாம்.

நிலக்காரருக்கு நஷ்டஈடு என்று ஒன்றாவது பேசப்படுகிறது. நாம் முக்கியமாகச் சொல்லவேண்டியது, ஒரு சென்ட் நிலமும் இல்லாதவரைப் பற்றி. 570 ஏக்கர் போனால் பட்டாதாரர் மட்டுமா போகிறார்? அந்தக் காட்டில் களை வெட்டியவள், கடலை பறித்தவள், பூ எடுத்தவள், வாரத்துக்கு உழுதவர், ஆடு மேய்த்தவர் எல்லோரும் போகிறார்கள். அவர்கள் பெயர் எந்தப் பட்டாவில் இருக்கிறது? எந்தச் சிட்டாவில் இருக்கிறது? அதிகாரியின் நோட்டீசில் அவர்கள் இல்லை. செக்கு எழுதுகிறபோதும் அவர்கள் இல்லை.

தோழர்களே, இந்த விஷயத்தை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1894-ம் வருஷத்து வெள்ளைக்காரன் சட்டத்தை ஒழிக்க நாடெங்கும் விவசாயிகளும் ஆதிவாசிகளும் நடத்திய போராட்டத்தின் பலனாக 2013-ல் புதிய நிலமெடுப்புச் சட்டம் வந்தது. 2014 ஜனவரி 1 முதல் அமுலில் இருக்கிறது. அந்தச் சட்டம், நிலமில்லாத குடும்பத்தையும் "பாதிக்கப்பட்ட குடும்பம்" என்று சொல்கிறது. நிலமெடுப்புக்கு முந்தைய மூன்று வருஷம் அந்த நிலத்தில் வேலைசெய்து பிழைத்த விவசாயத் தொழிலாளி, குத்தகைதாரர், வாரதாரர் எல்லோரும் அதில் அடங்குவர். அவர்களுக்கும் மறுவாழ்வு உண்டு. குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, அல்லது ஒரேதடவையாக 5 லட்சம் ரூபாய், அல்லது இருபது வருஷத்துக்கு மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாத உதவித்தொகை என்று சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சொல்கிறது.

சட்டத்தில் எழுதியிருக்கிறது, யார் நமக்குப் படித்துக் காட்டினார்கள்? எந்தத் தாசில்தார் களத்துமேட்டுக்கு வந்து, "அம்மா, உன் பெயரைச் சொல்லு, எழுதிக்கொள்கிறேன்" என்று கேட்டார்? கேட்கமாட்டார்கள். ஏனென்றால் கூலிக்காரியை எண்ணினால் செலவு கூடும். எண்ணாவிட்டால் திட்டம் மலிவாகத் தெரியும்.

இதிலும் ஓட்டை போட்டுவிட்டார்கள். 2014-ல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் ஒரு திருத்தம் கொண்டுவந்து, தொழில்களுக்கும் நெடுஞ்சாலைகளுக்கும் நிலமெடுக்கும் மாநிலச் சட்டங்களை மத்தியச் சட்டத்தின் பிடியிலிருந்து விலக்கியது. அந்த வழியில் போனால் சமூகப் பாதிப்பு ஆய்வு இல்லை. மக்கள் சம்மதம் இல்லை. 2019-ல் ஹைகோர்ட்டு அந்த மாநிலச் சட்டங்களைத் தள்ளியது. சர்க்கார் உடனே புதுச் சட்டம் போட்டு உயிர்கொடுத்தது. 2021-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஒப்புக்கொண்டது. முன்வாசலில் உரிமை என்று பலகை மாட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்துவைத்திருக்கிறார்கள்.

காஞ்சிபுரம் ஜில்லாவில் பரந்தூரைப் பாருங்கள். சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் என்று 2022-ல் அறிவித்து, 5,000 ஏக்கருக்கு மேல் கேட்டார்கள். வயலும் ஏரியும் அடங்கிய பூமி. ஏகனாபுரத்து மக்கள் வேலை முடித்து ராத்திரி ராத்திரி கூடிப் போராடினார்கள். கிராம சபையில் தீர்மானமாக மறுத்தார்கள். ஆட்சி மாறினாலும் மண்ணைக் கேட்கும் குரல் மாறவில்லை என்பதற்கு இது சாட்சி.

லாபம் அவர்களுக்கு, நஷ்டம் நமக்கு

"பொதுத்துறையிடம் இருக்கிறதே, அப்புறம் என்ன?" என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. ஏன் இருக்கிறது என்று பார்ப்போம்.

2019-ல் அகமதாபாத், லக்னோ, மங்களூர், ஜெய்ப்பூர், கௌஹாத்தி, திருவனந்தபுரம் ஆகிய ஆறு நிலையங்களும் அதானி கம்பெனிக்கு ஐம்பது வருஷத்துக்குப் போயின. கேரள சட்டமன்றம் 2020-ல் ஒருமனதாகத் தீர்மானம் போட்டு எதிர்த்தது. மத்திய சர்க்கார் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2021 ஆகஸ்டில் பொதுச்சொத்துக்களைப் பணமாக்கும் திட்டம் என்று ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். அதில் 25 விமான நிலையங்கள். சென்னை, கோயம்புத்தூர், மதுரை, திருச்சி நான்கும் அதில் இருந்தன. சேலம் இல்லை! நம்மீது கொண்ட பாசத்தாலா? இல்லை. பால் கறக்கும் மாட்டைக் கேட்டவர்கள் இளங்கன்றைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். தீனி போட்டு வளர்க்கும் செலவு மக்களுக்கு. கறக்கும் காலம் வந்தால் கயிறு முதலாளி கைக்கு.

ஏர் இந்தியா கதையும் அதுவே. 2022 ஜனவரியில் அதை டாட்டாவுக்கு விற்றார்கள். விலை 18,000 கோடி என்று பறைசாற்றினார்கள். அதில் ரொக்கமாகக் கைக்கு வந்தது 2,700 கோடி. 15,300 கோடி கடன் பொறுப்பு டாட்டாவுக்கு மாறியது. மீதி 46,000 கோடி ரூபாய் அளவுக்குக் கடனும் பாக்கியும் சர்க்கார் வைத்துக்கொண்ட வேறொரு கம்பெனியின் தலையில், அதாவது நம் தலையில், ஏற்றப்பட்டன. சிறிய ஊர்களுக்குச் சின்ன விமானம் விடும் அலையன்ஸ் ஏர் மட்டும் விற்பனையில் சேரவில்லை. 2023-ல் கமலாபுரத்துக்கு வந்தது அந்த அலையன்ஸ் ஏர்தான். லாபமுள்ள வானம் டாட்டாவுக்கு, நஷ்டமுள்ள வானம் நமக்கு.

பொதுத்துறையால் முடியாது என்பது பொய். கொச்சி விமான நிலையத்தைப் பாருங்கள். 1999-ல் திறந்தார்கள். கேரள சர்க்கார் பெரிய பங்குதாரர். வெளிநாட்டில் உழைக்கும் மலையாளிகளும் சிறு சிறு பங்கு போட்டார்கள். லாபத்தில் நடக்கிறது. 2015-ல் முழுக்கச் சூரிய மின்சாரத்தில் இயங்க ஆரம்பித்தது. முடியாதது பொதுத்துறையால் அல்ல. கம்பெனிகளுக்குக் கைகட்டி நிற்கும் கொள்கையால்.

ஊர் சொந்தம் என்றால் ஊர்தான் தீர்மானிக்க வேண்டும்

அமெரிக்கா முதலாளிகளின் கோட்டை. அங்கே ஒரு சின்ன நகரத்தில் நடந்ததைக் கேளுங்கள். கலிபோர்னியாவில் சான்டா மோனிகா என்ற ஊர். ஜனத்தொகை தொண்ணூறாயிரம் சொச்சம். நம் குமாரபாளையத்தைவிடக் கொஞ்சம் பெரியது. நம் நகராட்சிக்குப் பஸ் ஸ்டாண்டு சொந்தமாக இருப்பதுபோல, அந்த நகராட்சிக்கு ஒரு விமான நிலையம் சொந்தம். 227 ஏக்கர். 1920-களில் நகர மக்கள் ஓட்டுப்போட்டுப் பணம் ஒதுக்கி வாங்கிய நிலம் அது.

அங்கேதான் டக்ளஸ் கம்பெனி விமானத் தொழிற்சாலை வைத்து உலகப் புகழ்பெற்ற விமானங்களைச் செய்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது பல்லாயிரம் ஆணும் பெண்ணும் ஷிப்டு ஷிப்டாக உழைத்தார்கள். யுத்தம் முடிந்தது, ஜெட் விமானம் வந்தது, கம்பெனி நீளமான பாதை கேட்டது. பாதையை நீட்டினால் வீடுகள் போகும். ஊர் இணங்கவில்லை. கம்பெனி வேறு ஊருக்குப் போயிற்று. 1970-களில் தொழிற்சாலை மூடியது. இத்தனை வருஷம் உழைத்தவர்களை அழைத்து, "உங்கள் கதி என்ன?" என்று கேட்க அந்தக் கம்பெனிக்கு நேரமிருந்ததா? முதலாளிக்கு ஊர் கிடையாது; லாபம் எங்கே, அங்கேதான் அவன் ஊர்.

பிறகு அந்த நிலையத்தைப் பணக்காரர்களின் சொந்த ஜெட் விமானங்கள் பிடித்துக்கொண்டன. சத்தமும் புகையும் தாங்காமல் மக்கள் மூட வேண்டும் என்றார்கள். "நீங்கள் மூடக்கூடாது" என்று மத்திய சர்க்கார் வருஷக்கணக்காக வழக்காடியது. 2014 நவம்பரில் இரண்டு தீர்மானங்கள் ஓட்டுக்கு வந்தன. விமானக்காரர்களின் பணபலத்தோடு வந்த தீர்மானத்தை மக்கள் தோற்கடித்தார்கள். நிலம் ஊரின் பிடியில் இருக்கவேண்டும், அங்கே கட்டடம் எழும்ப வேண்டுமானால் மக்களின் ஓட்டு வேண்டும் என்ற தீர்மானத்தை ஜெயிக்க வைத்தார்கள். 2017-ல் மத்திய சர்க்கார் இறங்கிவந்து, 2028 டிசம்பர் 31-க்குப் பிறகு நகரம் அதை மூடிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் செய்தது.

அது சோஷலிசம் அல்ல. அங்கே வசதியுள்ளவர்கள் நிறைய. வழக்காடப் பணமும் இருந்தது. ஆனாலும் பாடம் ஒன்று உண்டு. நிலம் ஊருக்குச் சொந்தம் என்றால் நீட்டுவதா, நிறுத்துவதா, மூடுவதா என்று சொல்லும் வாயும் ஊருக்குச் சொந்தம். கமலாபுரத்தில் நிலம் நம்முடையது, பணம் நம்முடையது. வாய் மட்டும் யாரிடம் இருக்கிறது? டில்லியிலும் கோட்டையிலும், கம்பெனியின் காரியாலயத்திலும்!

அவர்கள் கேட்பதும் நாம் சொல்வதும்

"தொழில் வளர விமானம் வேண்டாமா?" என்கிறார்கள். ஏற்றுமதி வியாபாரி அவசரமாகப் போகட்டும், நாம் தடுக்கவில்லை. அதற்கு இருக்கிற பாதையே போதும் என்பதை அதில் வந்திறங்கும் விமானங்களே காட்டுகின்றன. ஆனால் நம் ஊர் லுங்கியும் துண்டும் விமானத்திலா போகின்றன? லாரியில் போகின்றன. நூல் விலை ஏறி இறங்கித் தறி நிற்பது விமானம் இல்லாததாலா? 2016-ல் நோட்டைச் செல்லாததாக்கினார்கள், 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தது. அப்போது தறிகள் வாரக்கணக்கில் நின்றனவே, எந்த விமானம் வந்து காப்பாற்றியது?

"வேலை கிடைக்குமே" என்கிறார்கள். விமான நிலையங்களில் கூட்டுவதும் பெருக்குவதும் சுமப்பதும் பெரும்பாலும் கான்ட்ராக்டு வேலை என்பதை நாடறியும். சொந்த ஊரில் பூ எடுத்தவள், வேலிக்குள்ளே அதே மண்ணின்மேல் கான்ட்ராக்டருக்குத் துடைப்பம் பிடிப்பதற்குப் பெயர் முன்னேற்றமா? அந்த வேலையும் எத்தனை பேருக்கு? கம்பெனி நின்றால் எத்தனை நாளைக்கு?

"நீங்கள் வளர்ச்சிக்கு விரோதிகள்" என்கிறார்கள். யார் விரோதி? பிரசவ வலி கண்டவளை நேரத்தில் கொண்டுசேர்க்கும் ஆம்புலன்ஸ் வளர்ச்சி. இரண்டாம் ஷிப்டு முடிந்து வருகிற பெண்ணுக்குப் பஸ் வளர்ச்சி. தீபாவளிக்கு ஊர் போகிறவன் நிற்க இடமாவது உள்ள ரயில் பெட்டி வளர்ச்சி. காவேரிக்கரையிலிருந்தும் சாயத்தண்ணீர் கலக்காத குடிதண்ணீர் வளர்ச்சி. இவற்றைக் கேட்கிறவர்கள் நாம். இவற்றுக்குப் பணமில்லை என்கிறவர்கள், மூன்று வருஷத்தில் பறந்தோடும் கம்பெனிக்கு அள்ளிக்கொடுக்கிறார்கள். மக்களே தீர்ப்புச் சொல்லட்டும்!

நம் கோரிக்கைகள்

கமலாபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் கிராம சபையின் சம்மதம் இல்லாமல் ஒரு ஏக்கர்கூட எடுக்கக்கூடாது.

நிலம் எடுக்கும் பேச்சு எங்கே வந்தாலும், முதலில் நிலமற்ற விவசாயத் தொழிலாளர், குத்தகைதாரர், வாரதாரர் பெயர்ப் பட்டியலை வீடுவீடாக எடுத்து, பஞ்சாயத்துச் சுவரில் ஒட்டவேண்டும். அவர்களுக்குரிய மறுவாழ்வு கைக்கு வந்த பிறகுதான் கல் நடவேண்டும்.

1993 முதல் இந்த நிலையத்துக்கு எவ்வளவு செலவு, எந்தக் கம்பெனிக்கு எவ்வளவு மானியம், எவ்வளவு வரிச்சலுகை என்ற கணக்கைத் தமிழில் அச்சிட்டு மக்கள்முன் வைக்கவேண்டும்.

மானியம் வாங்கும் கம்பெனி பாதியில் ஓடினால் வாங்கியதைத் திருப்பிக் கட்டவும், ஊழியரின் சம்பளப் பாக்கியைத் தீர்க்கவும் முன்கூட்டியே ஜாமீன் வாங்கவேண்டும். நிலையம் பொதுத்துறையிலேயே இருக்கவேண்டும். அங்கே வேலைசெய்யும் கான்ட்ராக்டுத் தொழிலாளர்களை நிரந்தரமாக்க வேண்டும்.

இவை பெரிய கோரிக்கைகள் அல்ல. கொடுத்தவன் கணக்குக் கேட்கிறான், அவ்வளவுதான். தறிப்பட்டறையில் வாரக் கணக்குப் பார்க்கும்போது ஒரு மீட்டர் குறைந்தாலும் கூலியில் பிடிக்கிறார்களே, முப்பது வருஷக் கணக்கை மட்டும் நாம் கேட்காமல் விடுவோமா?

ஆகவே, தோழர்களே, சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். ஆலை வாசலிலும் களத்துமேட்டிலும் பேசுங்கள். ஓமலூர்ப் பக்கம் சொந்தபந்தம் உள்ளவர்கள் போய் அந்தக் கிராமங்களின் கூலிக்காரர்களிடம், "உங்கள் பெயரும் சட்டத்தில் இருக்கிறது, மூன்று வருஷம் உழைத்ததற்குச் சாட்சி சேர்த்து வையுங்கள்" என்று சொல்லுங்கள். கிராம சபை கூடும் நாளில் நிலக்காரரோடு நிலமில்லாதவரும் சேர்ந்து போய் உட்காரட்டும். பட்டா உள்ளவரும் பட்டா இல்லாதவரும் பிரிந்து நின்றால் அளவுச் சங்கிலி இருவர் காலையும் கட்டும். சேர்ந்து நின்றால் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போவார்கள்.

உழுகிறவன் சம்மதமின்றி ஓடுபாதை நீளக்கூடாது!
மக்கள் பணத்துக்கு மக்களிடம் கணக்கு!